ஒன்பது ஊசியும் அளக்காமல் எழுதிய எண்ணும்

போன மாதம் ஒரு சாவியைக் கொடுப்பதற்காக எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வீட்டு அலமாரியில் கிடந்த அந்தச் சாவி மருந்தறையுடையதாக இருக்குமோ என்று மூன்று நாள் எனக்கு நிம்மதி இல்லை. கொண்டுபோய்ப் பூட்டில் போட்டுப் பார்த்தால் சேரவில்லை. அது என் பழைய சைக்கிள் சாவி.

திரும்பும்போது இளம் டாக்டர் நிறுத்தினார். அவர் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

“அண்ணாச்சி, சின்னப் பிள்ளைகளுக்கு அக்கி வந்து நீங்க பாத்திருக்கியளா? நான் படிக்கும்போது படத்துலதான் பாத்தேன். இங்கன வந்து இத்தன நாள்ல ஒரு பிள்ளகூட வரல.”

“பாத்திருக்கேன் டாக்டர். கடைசியாப் பாத்தது நீங்க சேர்றதுக்குக் கொஞ்ச மாசம் முன்னால.”

“அத எழுதிக் குடுங்களேன். புதுசா வார நர்ஸ் பிள்ளைகளுக்கும் ஆகும்.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பதினொரு நாள் பேனாவைத் தொடவில்லை. அக்கியைப் பற்றி எழுத வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். அதுதான் தயக்கம்.

மருந்தாளுநர் படிப்பை முடித்து இருபத்து நான்கு வயதில் தூத்துக்குடியில் இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நாற்பத்தொரு வருடம் அங்கேயே இருந்தேன். முதல் ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எண்ணுவது. மாத்திரையை எண்ணுவேன், புட்டியை எண்ணுவேன், பஞ்சு உருண்டையை எண்ணுவேன். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வேன். ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடக் “கணக்கு” என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

டாக்டரம்மா என்னைவிட ஆறு வயது மூத்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே பிள்ளையின் நெஞ்சில் வைப்பார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். “காய்ச்சல் எப்ப வந்துச்சு?” என்பார். கொஞ்சம் கழித்து, “கடைசியா என்னைக்குப் பள்ளிக்கூடம் போனா?” என்பார். மருந்துச் சீட்டு எழுதும்போது, தலை நிமிராமல், “சோறு வேண்டாம்னு சொன்னது என்ன கிழமை?” என்பார். மூன்று பதிலும் ஒத்து வந்தால்தான் நம்புவார். பொய் சொல்கிறார்கள் என்பதால் அல்ல, பயத்தில் தாய்மாருக்கு நாள் மாறிப்போகும் என்பார். உடம்பில் கொப்புளமோ தடிப்போ இருந்தால், முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு மனித உருவம் அச்சடித்த தாளில் பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைப்பார். “பாத்ததை எழுது. பாக்காததை எழுதாத.” இது எனக்கு முதல் நாள் சொன்னது.

அந்தத் தாள்களில்தான் நான் அக்கியை முதலில் பார்த்தேன். அம்மை, அதாவது சின்னம்மை, என்றால் புள்ளிகள் உடம்பெங்கும் சிதறிக் கிடக்கும். அக்கி அப்படி இல்லை. முதுகெலும்பிலிருந்து கிளம்பி, ஒரு பக்க விலாவைச் சுற்றி, பட்டையாக வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடும். அடுத்த பக்கம் போகாது. அது வட்டமாகச் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்று வெளியே சொல்வார்கள். சேரவே சேராது என்று டாக்டரம்மா சொல்வார்.

“அம்மை எறங்கிட்டுன்னு தலைக்குத் தண்ணி ஊத்திருவோம். அது எங்கயும் போகல, கணக்கு. நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்கிடும். உடம்பு அசரும்போது அந்த ஒரு நரம்பு வழியா மட்டும் வெளிய வரும். அதுதான் அக்கி.”

வயதானவர்களுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே, ஒரு வயதுக்குள், அம்மை கண்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிடலாம். குழந்தையின் உடம்புக்கு அந்த வயதில் அதை அடக்கிவைக்கும் பலம் போதாது என்று அவர் விளக்கியிருக்கிறார். என் ஆரம்ப வருடங்களில், சட்டை உரசினாலே அழுகிற அப்படிப்பட்ட பிள்ளைகள் அவ்வப்போது வருவார்கள்.

பிறகு அம்மைத் தடுப்பூசி வந்தது. அரசாங்கம் எல்லாருக்கும் போடுகிற பட்டியலில் அது இல்லை. எங்களைப் போன்ற தனியார் ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். போட்டால் அம்மை வராது, வந்தாலும் லேசாக வரும் என்றுதான் நான் புரிந்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா அதற்கு அடுத்த படியையும் சொன்னார். அம்மைக் கிருமி உள்ளே போய்ப் படுக்கவில்லை என்றால் பின்னால் எழுந்து வர எதுவும் இல்லை. ஊசியில் இருப்பதும் உயிருள்ள கிருமிதான், ஆனால் பலவீனமாக்கியது. அதுவும் உள்ளே தங்கலாம், அக்கியாக வருவது மிக அரிது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி மிகவும் குறைவு என்று வெளிநாடுகளில் பெரிய அளவில் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்றார். கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த ஊசியின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

அது பொடியாகச் சின்னப் புட்டியில் வரும். கலக்கும் நீர் தனியாக வரும். பொடி இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடு பட்டால் கிருமி செத்துவிடும். செத்தாலும் பார்வைக்கு அதே பொடிதான், கலக்கினால் அதே நீர்தான். கலக்கிய பிறகு அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. டாக்டரம்மா அறைக்குள் வந்ததும் கேட்கும் முதல் சொல், “எத்தனை?” நான், “அஞ்சு” என்பேன், அல்லது “ஆறு” என்பேன். ஒரு நாளும் ஊகித்துச் சொன்னதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

கடலோரத்துப் புன்னைக்காயலில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களில் சிலர் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மை ஊசி போட வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். கோயில் பக்கத்து மண்டபத்தில் ஏற்பாடு. ஒன்பது பிள்ளைகள். மே மாதம். முந்தைய நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியை ஜெனரேட்டர் காப்பாற்றிவிட்டது. ஐஸ் பொதிகளை உறைய வைக்கும் பெட்டி ஜெனரேட்டரோடு சேர்க்கப்படவில்லை. காலையில் பார்த்தால் பொதிகள் தண்ணீராக இருந்தன. எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போய் உடைத்த ஐஸை வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் நிரப்பி, மருந்தைப் பொட்டலம் கட்டி நடுவில் வைத்துக் கிளம்பினேன். டாக்டரம்மாவும் நர்ஸும் வேறு ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு நேராக வருவதாக ஏற்பாடு.

கிளம்பும் முன் ஊசிக்குழலை எண்ணினேன், இரண்டு முறை. பஞ்சு, பஞ்சர் ஒட்டுகிற மாதிரி சின்ன பிளாஸ்திரி, சீட்டு, பேனா, எல்லாம் எண்ணினேன். வெப்பமானியை எடுக்கவில்லை. அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்றாக இருப்பதை எண்ணத் தோன்றவில்லை.

பஸ் முக்காணியில் நின்றுவிட்டது. டயர் வெடித்து, மாற்று டயர் வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் மூலையில் இருந்து என் வேட்டியில் தண்ணீர் சொட்டியது. முதலில் சொட்டுகளை எண்ணினேன். பிறகு பயந்து நிறுத்திவிட்டேன்.

மண்டபத்தில் போய்த் திறந்தபோது ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வெயிலில் வந்தவன் கன்னத்துக்கு எது குளிர்ச்சியாக இருக்காது? வெளியே ஒன்பது தாய்மார், ஒன்பது பிள்ளைகள், இன்னும் வேடிக்கை பார்க்கிறவர்கள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“எத்தனை?”

“ஆறு” என்றேன். பதிவேட்டிலும் 6 என்று எழுதினேன்.

வரிசையில் ஒவ்வொரு தாயிடமும் கேட்டு நானே எழுதினேன். பிள்ளைக்கு அம்மை வந்திருக்கிறதா? ஒன்பது பேரும் இல்லை என்றார்கள். நான்காவதாக மெர்சி என்ற பெண். கணவர் கப்பலில். பிள்ளை பெயர் ஜெனி, வயது ஒன்றே கால். அந்தப் பிள்ளை என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. “ஏளா, கணக்கு எழுதுத பேனாவ விடு” என்று மெர்சி அதட்டினாள். மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். நர்ஸ் போட்டார். பிள்ளை அழுதது, நிறுத்தியது, சிரித்தது.

பிறகு ஏழு வருடம். அந்த 6 எனக்கு எப்போதும் நினைவிருந்தது என்று சொன்னால் பொய். வெப்பமானியைப் பார்க்கும்போது மட்டும் நினைவு வரும். பிறகு மறந்துவிடும். அன்றிலிருந்து எங்கே போனாலும் இரண்டு வெப்பமானி எடுத்துப் போனேன். ஏன் இரண்டு என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு திங்கள்கிழமை காலை, மெர்சி அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஜெனிக்கு எட்டு வயது. நெற்றியின் இடது பாதி முழுவதும் செங்காவி. காவியில் சிங்கம் மாதிரி ஏதோ ஒன்று வரைந்திருந்தது. இமை வீங்கி இடது கண் மூடியிருந்தது.

அக்கி எழுதுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். மண்பாண்டம் செய்கிறவர்கள் காவியைக் குழைத்துக் கோழி இறகால் கொப்புளத்தின் மேல் எழுதுவார்கள். மெர்சியின் அண்ணன் பிள்ளையை பைக்கில் வைத்து ஆதிச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் போயிருக்கிறான்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்து அந்த அண்ணன் கதவோரமாகவே நின்றான். அவர் திட்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, காவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். பதினேழு பஞ்சு ஆனது. துடைத்துக்கொண்டே கேட்டார், “எப்ப எழுதினாரு?”

“நேத்துதான் டாக்டரம்மா. அவரு முதல்ல எழுதிட்டாரு. பொறவு மூக்கு நுனியில ஒரு கொப்புளத்தப் பாத்துட்டு எறகைக் கீழ வச்சுட்டாரு. ‘மூக்குல வந்துட்டுன்னா இது கண்ணுக்குப் போவும். எங்கிட்ட வராத, ஆஸ்பத்திரிக்கு ஓடு’ன்னுட்டாரு. தட்சணையும் வாங்கல” என்றான் அண்ணன்.

டாக்டரம்மா பஞ்சை வைத்துவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். “எங்க புஸ்தகத்துலயும் அதையேதான் எழுதியிருக்கு. அவரு எங்க இருக்காருன்னு எனக்குச் சொல்லிட்டுப் போ. நான் ஒரு நாள் போய்ப் பாக்கணும்.” பிறகு என்னிடம் திரும்பி, “கணக்கு, கொப்புளம் கிளம்பி எத்தனை மணி நேரம்?” என்றார்.

மூன்று விதமாகக் கேட்டு, ஐம்பத்தெட்டு மணி நேரம் என்று வந்தது. எழுபத்திரண்டுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது. அன்றே எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியாக மருந்து. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கண் டாக்டர் தினமும் வந்தார். முதல் நாள் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்பரப்பில் புண் இருக்கிறது, ஒரு வாரம் போனால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார்.

தாளில் டாக்டரம்மா வைத்த புள்ளிகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. எல்லாம் இடது பக்கம். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜெனி, ஒன்றே கால் வயது, அம்மை வந்ததில்லை, புன்னைக்காயல் முகாம். அதே பக்கத்தின் தலையில் 6.

என் மனது போட்ட கணக்கு இது. அம்மைக் கிருமி உள்ளே போகாமல் அக்கி வராது. இந்தப் பிள்ளைக்கு அம்மை வந்ததில்லை என்று தாய் சொல்கிறாள். அப்படியானால் யாருக்கும் தெரியாமல், நாலைந்து கொப்புளமாக, வேர்க்குரு என்று நினைக்கும்படி வந்து போயிருக்கிறது. தடுத்திருக்க வேண்டியது ஊசி. ஊசியைக் கெடுத்தது சூடு. சூட்டை மறைத்தது நான். எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் விடை என் பெயரிலேயே வந்து நின்றது.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று முறை அவர் அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை ஸ்டேப்ளர் பின் கேட்டேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்றார். இல்லை என்றேன்.

புதன்கிழமை பிற்பகல், ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். மெர்சி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மருந்துப் புட்டியில் விழும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

“அண்ணாச்சி, எங்க ஊர்ல எல்லாரும் கேக்காவ. ஊசி போட்ட பிள்ளைக்கே இப்படியாயிட்டே, அப்ப ஊசி எதுக்குன்னு. எங்க தெருவுல இப்ப அம்மை வந்திருக்கு. ரெண்டு பேரு பிள்ளைக்கு ஊசி போட வாரதா இருந்தாவ, வரலன்னுட்டாவ. நான் என்னத்தச் சொல்ல?”

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். ஐஸ் கரைந்ததைச் சொன்னேன். வெப்பமானியை விட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். கன்னத்தில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். “ஊசி மேல தப்பு இல்லம்மா. நான் அளக்காம எழுதினேன். உன் பிள்ள கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என்னாலதான்.”

அவள் முந்தானையால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க அழாதிய அண்ணாச்சி. அவளுக்கு அம்மை வந்திருக்கு.”

“எப்ப?”

“மூணு மாசத்துல.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். ஜெனி கைக்குழந்தை. கணவர் விடுப்பில் வந்திருந்தார். இன்னும் பத்து நாளில் புதுக் கப்பலில் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் மருத்துவச் சோதனை. அதில், வீட்டில் யாருக்காவது தொற்று நோய் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வீட்டில் அம்மை என்று தெரிந்தால் அந்தக் கப்பல் போய்விடும். அடுத்தது எப்போது என்று தெரியாது. கணவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று மாமியாரும் இவளும் முடிவு செய்தார்கள். கதவைச் சாத்தினார்கள். வேப்பிலைகூட வாசலில் வைக்கவில்லை. கேட்டவர்களிடம் வேர்க்குரு என்றார்கள். அவர் கப்பல் ஏறினார்.

“ஊரு பூரா வேர்க்குருன்னு சொல்லியாச்சி. பொறவு ஒரு வருஷம் கழிச்சு அந்த மண்டபத்துல, பின்னால அத்தன பேரு நிக்க, நீங்க சத்தமா கேட்டிய, அம்மை வந்திருக்கான்னு. நான் எப்படி வந்திருக்குன்னு சொல்லுவேன்? பின்னால நின்னவ எங்க கோயில் பங்குல பெரிய வாயாடி.”

எனக்கு முதலில் வந்தது கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. “சத்தமாவா கேட்டேன்?” என்றுதான் கேட்டேன்.

“மைக்கு இல்லாத குறைதான்” என்றாள் மெர்சி. அந்த வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

இருவருமாக டாக்டரம்மாவின் அறைக்குப் போனோம். மெர்சி தன்னுடையதை முதலில் சொன்னாள். நான் என்னுடையதைச் சொன்னேன். அவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“ஒரே பக்கத்துல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொய் எழுதி வச்சிருக்கிய” என்றார். பிறகு என்னிடம், “ஏழு வருஷமா ‘எத்தனை’ன்னு நான் தினமும் கேக்கேன். நீ சொல்றதை ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல. அது தெரியுமா உனக்கு?” என்றார்.

அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த 6-ஐ அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் “அளக்கவில்லை” என்று எழுதி, அன்றைய தேதியும் கையெழுத்தும் போட வேண்டும் என்றார். போட்டேன். அம்மை வந்ததா என்ற இடத்தில் “இல்லை”யை அடித்து, “மூன்றாம் மாதம்” என்று எழுதினேன். அதற்கு மெர்சி கையெழுத்திட்டாள்.

“அப்ப இது அந்த மூணு மாச அம்மைதானா டாக்டரம்மா?” என்று அவள் கேட்டாள்.

“பெரிய லேப்ல சோதிச்சாத்தான் அடிச்சுச் சொல்லலாம். ஆனா ஒரு வயசுக்குள்ள அம்மை கண்ட பிள்ள, எட்டு வயசுல அக்கி. நான் அதத்தான் நம்புவேன். நீங்க ஊசிக்கு வாரதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே அது உள்ள போய்ப் படுத்திருச்சு. ஊசி நல்லா இருந்தாலும் அத வெளிய இழுத்துப் போட முடியாது.” என் பக்கம் திரும்பினார். “அதுக்காக உன் பெட்டி நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமில்ல. மீதி எட்டுப் பிள்ளைகளுக்கு அன்னைக்குப் போட்டதை மருந்துன்னே எண்ணக் கூடாது. மறுபடி போடணும்.”

வெள்ளிக்கிழமை ஜெனியின் இமை திறந்தது. அடுத்த திங்கள்கிழமை கண் டாக்டர் அவளைத் தன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். நானும் போனேன், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். ஜெனி மேலிருந்து ஐந்து வரியைக் கடகடவென்று படித்தாள். ஆறாவதில் தயங்கினாள். மெர்சி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மக்கா, தெரியலையா?”

“தெரியுதும்மா. இந்த எழுத்து எங்க மிஸ்சு இன்னும் சொல்லித் தரல.”

கண் டாக்டர் சிரித்துவிட்டார். புண் ஆறிவிட்டது, நெற்றியில் இரண்டு மூன்று தழும்பு நிற்கும், ஒரு வருடத்துக்கு இடையிடையே காட்ட வேண்டும் என்றார். அதன்படி ஐந்து முறை காட்டினார்கள். பார்வை முழுதாக இருக்கிறது.

எட்டுப் பிள்ளைகளின் வீடுகளைத் தேடி டாக்டரம்மாவே என்னுடன் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் நானே சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஆறு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில் பையனின் தாத்தா, “ஏலே, மீனுக்குப் போடுத ஐஸுல மருந்தக் கொண்டாந்தியா? அதுல மீனே தாங்க மாட்டுக்கு” என்றார். எட்டாவது வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அது நியாயம் என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா வெளியே நின்றபடியே, சாத்திய கதவைப் பார்த்து, முகாம் நடக்கும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வந்தார். எட்டில் ஒரு பையனுக்கு முந்தைய வருடம் பள்ளியில் அம்மை பரவியபோது பத்துப் பன்னிரண்டு கொப்புளம் மட்டும் வந்து போயிருந்தது. ஊசி வேலை செய்ததால் லேசாக வந்ததா, செய்யாததால் வந்ததா என்று கேட்டேன். “தெரியாது. தெரியாதுன்னே எழுது” என்றார். எழுதினேன்.

முகாமை அதே மண்டபத்தில் வைத்தோம். முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். கதவைச் சாத்திய வீட்டுப் பெண்ணும் பிள்ளையோடு வந்து, என்னைப் பார்க்காமல் வரிசையில் நின்றாள். தெருவில் அம்மை இன்னும் அடங்கவில்லை. டாக்டரம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்துக்குச் சொன்னார். கைக்குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது; அதனால் வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகளுக்குப் போட்டால், அம்மை வீட்டுக்குள் வந்து கைக்குழந்தையைத் தொடாது. ஏற்கனவே ஒரு வயதுக்குள் அம்மை வந்த பிள்ளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அக்கி வருவதில்லை; ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டும், ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால் அன்றைக்கே வர வேண்டும் என்றார்.

நான் மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டு, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்டேன். அப்படியும் இல்லை, இல்லை, இல்லை என்றே வந்தது. பதினெட்டுப் பேர் முடிந்திருந்தார்கள். அப்போது மெர்சி ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் ஏறினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

“எல்லாரும் இங்கன பாருங்க. இவ நெத்தியப் பாருங்க. ஊசியால வந்ததுன்னுதான பேசுதிய? இவளுக்கு மூணு மாசத்துல அம்மை வந்துச்சு. இவ அப்பா கப்பல் ஏறணும்னு நான்தான் மறைச்சேன். வேர்க்குருன்னு சொன்னேன். எங்கிட்ட அன்னைக்குக் கேட்டாவ, நான் இல்லன்னேன். நீங்க அப்படிச் சொல்லாதிய.”

பின்வரிசையில் ஒரு குரல், “எனக்கு அன்னைக்கே தெரியும்ளா, அது வேர்க்குரு இல்லன்னு” என்றது. அதுதான் அந்த வாயாடி என்று நினைக்கிறேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மெர்சியும் சிரித்தாள். ஜெனி மட்டும், எல்லாரும் தன் நெற்றியைப் பார்க்கிறார்கள் என்று, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

எழுதி முடித்தவர்களில் மூன்று பெண்கள் திரும்பி என் மேசைக்கு வந்தார்கள். “அண்ணாச்சி, அந்த ‘இல்ல’ய மாத்திருங்க” என்றாள் முதலாமவள். ஒருத்தியின் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். ஒருத்திக்கு எட்டாம் மாதம். ஒருத்திக்கு மாதம் நினைவில்லை. அவளிடம் டாக்டரம்மா மூன்று விதமாகக் கேட்டு ஏழாம் மாதம் என்று கண்டுபிடித்தார். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, புதிதாக எழுதி, கையெழுத்து வாங்கினேன்.

மேசையில் இருந்ததைக் கட்டும்போது நான்காவதாக ஒரு பெண் வந்தாள். பிள்ளைக்கு இரண்டரை வயது. அவள் மேசையின் மேல் குனிந்து, என் காது வரை வந்து, “இவனுக்கு ஆறு மாசத்துல வந்துச்சு. ஆனா இவன் அப்பா வியாழக்கிழம கப்பல் ஏறுதாரு” என்றாள்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டார்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்து போன அம்மைக்கு எந்தக் கப்பலும் நிக்காதும்மா. இப்ப வீட்டுல யாருக்கும் இல்லையே?”

“இல்ல டாக்டரம்மா. சத்தியமா இல்ல.”

“அப்ப சொல்லு, அண்ணாச்சி எழுதட்டும்.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது.

“எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்றாள். “ஆனா சின்ன எழுத்துல எழுதுங்க.”

சின்ன எழுத்தில்தான் எழுதினேன்.